தூணைத் தட்டிப் பார்த்தவர்

அன்புள்ள ஐயா,

வேலை விஷயமாக மியூனிக் வந்திருக்கிறேன். 1923இல் ஹிட்லர் கூரையைப் பார்த்துச் சுட்டு ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தாரே, அந்த பியர் கூடத்தைத் தேடிப் போனேன். ஓட்டலும் அலுவலகமும்தான் நிற்கின்றன. பியர் கூடத்தில் போய் ஏன் அரசியல் பேசினார்கள்? 1939இல் அதே இடத்தில் குண்டு வெடித்தும் 13 நிமிடத்தில் அவர் தப்பியது விதிதானே?

முரளி

அன்புள்ள முரளி,

முதல் கேள்வி சுலபம். பெரிய கூடம், குளிருக்கு அடக்கம், கையில் குடிக்க ஏதோ ஒன்று. கூட்டம் போட வேறென்ன வேண்டும்? எல்லாக் கட்சிக்கும் அதுதான் மேடை. 1919 ஏப்ரலில் ஹோஃப்பிராய்ஹவுஸ் என்ற இன்னொரு மியூனிக் பியர் கூடத்தில் கூடித்தான் கம்யூனிஸ்டுகள் ஆட்சியை அறிவித்தார்கள். மறு வருடம் பிப்ரவரியில் அதே கட்டடத்தில் ஹிட்லர் தன் கட்சியின் 25 அம்சத் திட்டத்தை வாசித்தார்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது ‘விதி’ என்ற சொல்லுக்காக. விதியாம்! மூடுபனி வரும் என்றார்கள். விமானத்தை விட்டு ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஹிட்லர் பேச்சைச் சுருக்கிக்கொண்டு இரவு 9.07க்குக் கிளம்பினார். குண்டு 9.20க்கு வெடித்தது. இதில் விதி எங்கே வந்தது? உங்கள் கடிதத்தில் ஹிட்லர் இருக்கிறார், குண்டு வைத்தவர் பெயர் இல்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

கியோர்க் எல்சர். தச்சர். ராத்திரிச் சாப்பாட்டை அந்தக் கூடத்திலேயே முடித்துவிட்டு, மேல்மாடத்தில் ஒளிந்துகொள்வார். கதவடைத்ததும் மேடைக்குப் பின்னால் இருந்த தூணைக் குடைவார். இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள். விழுந்த தூளையெல்லாம் விடிவதற்குள் அள்ளிவிடுவார். தூணைச் சுற்றியிருந்த மரப்பலகையை அறுத்து, இருப்பதே தெரியாத ஒரு கதவு செய்தார். குண்டில் வைத்த கடிகாரத்தின் சத்தம் கேட்காமலிருக்க உள்ளே கார்க் ஒட்டினார்.

என் சித்தப்பாவும் தச்சுவேலைக்காரர்தான். அலமாரிக் கதவைப் பொருத்திவிட்டு என்னைக் கூப்பிட்டு இடுக்கில் விரல் நகத்தை ஓட்டச் சொல்வார். “தட்டுதாடா?” தட்டினால் கழற்றி மறுபடி இழைப்பார். மண்டிபோட்டு மண்டிபோட்டு அவர் முழங்கால் காய்த்துக் கிடக்கும். எல்சரைக் காட்டிக்கொடுத்ததும் முழங்கால்தான். சுவிஸ் எல்லையில் பிடிபட்டவரை விசாரித்தவர்கள், புண்ணாகிப்போன அந்த முழங்கால்களைக் கண்டுகொண்டார்கள். அதைப் படித்த அன்று சித்தப்பா நினைவு வந்து, புத்தகத்தை மூடிவைத்தேன்.

வெடித்ததில் எட்டுப் பேர் செத்தார்கள், அதில் ஒருத்தி அங்கே பரிமாறிய பெண். எல்சரைப் புகழும்போது இதை விழுங்கிவிடுகிறேன் என்று என் மனைவி சொல்வாள். விழுங்கத்தான் செய்கிறேன். எல்சரையும் 1945 ஏப்ரலில் டாஹாவ் என்ற நாஜி வதைமுகாமில் சுட்டுவிட்டார்கள். கூடத்தை 1979இல் இடித்தார்கள்.

நீங்கள் பார்த்த அந்த அலுவலக வாசலில், தூண் நின்ற இடத்தில், நடைபாதைத் தரையில் ஒரு தகடு பதித்திருக்கிறது. நீங்கள் அதை மிதித்துக்கொண்டுதான் போயிருப்பீர்கள். சனிக்கிழமை மறுபடி போய் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அப்புறம், குல்லா போடாமல் வெளியே போகாதீர்கள்.