ஹூவரின் சுரங்க நாட்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்காவின் 31ஆவது அதிபர் ஹெர்பர்ட் ஹூவர், அரசியலுக்கு வருவதற்கு முன் சுரங்கப் பொறியாளராக உலகம் சுற்றியவர் என்று சென்ற இதழில் ஒரு பதிலில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களே இந்த முறை பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டன. கோலார் தங்கவயலில் பிறந்து, சுரங்கத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு இதைவிட மகிழ்ச்சியான வேலை கிடையாது.

கே: 1929 பொருளாதார வீழ்ச்சியில் பெயர் கெட்டுப்போன அதிபர் என்றுதான் ஹூவரைப் பற்றிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தேன். அவருடைய சுரங்க வாழ்க்கையில் அப்படி என்ன இருக்கிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கரூர்

நிறைய இருக்கிறது ஐயா. 1874இல் அயோவா மாநிலத்தின் வெஸ்ட் பிராஞ்ச் என்ற சிற்றூரில் ஒரு கொல்லர் வீட்டில் பிறந்தார். ஒன்பது வயது முடிவதற்குள் தாய் தந்தை இருவரையும் இழந்து, ஒரேகானில் இருந்த தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1891இல் திறந்தபோது சேர்ந்த முதல் அணி மாணவர்களில் அவரும் ஒருவர். 1895இல் நிலவியல் பட்டம் பெற்று வெளியே வந்தபோது நாட்டில் வேலை இல்லை. கலிஃபோர்னியாவின் நெவாடா சிட்டி பக்கம் ஒரு தங்கச் சுரங்கத்தில் இரவு ஷிப்டில் கனிம வண்டி தள்ளினார். பத்து மணி நேர வேலைக்கு இரண்டு டாலர் கூலி. பட்டம் வாங்கியவர் வண்டி தள்ளினாரே என்று இரங்கத் தேவையில்லை. தள்ளியவருக்குத்தான் ஒரு டன் கல் என்றால் எவ்வளவு என்று தெரியும்.

பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவில் லூயி ஜானின் என்ற பெயர்பெற்ற பொறியாளரின் அலுவலகத்தில் சேர்ந்தார். 1897இல் லண்டனின் பெவிக் மோரிங் என்ற சுரங்க நிறுவனம் அவரை மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. தண்ணீர் இல்லாத செம்மண் பாலைவனம், ஒட்டகப் பயணம், ஈ மொய்க்கும் வெயில். அங்கே லியோனோரா அருகில் ‘சன்ஸ் ஆஃப் குவாலியா’ என்ற சிறிய சுரங்கத்தைப் பார்த்து, இதை வாங்கலாம் என்று அறிக்கை எழுதினார். நிறுவனமும் வாங்கியது. 1898இல், 23 வயதில், அதற்கே மேலாளர் ஆனார். அந்தச் சுரங்கம் 1963 வரை ஓடியது. மூடிய சில வாரங்களில் ஊரே ஏறக்குறைய காலியாகிவிட்டது.

ஒரு வாலிபன் எழுதிய அறிக்கையை நம்பி ஓர் ஊர் உருவாகி 65 ஆண்டுகள் சோறு தின்றிருக்கிறது. அதிபராக அவர் எடுத்த முடிவுகளைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியாயிற்று. நான் இந்த அறிக்கையின் பக்கம் நிற்கிறேன்.

கே: ஒரு பொறியாளரின் ‘தனிப்பட்ட ஆவணங்கள்’ என்றால் எவை? அவை எங்கே இருக்கின்றன? படித்தால் நமக்கு என்ன கிடைக்கும்?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

கடிதங்கள், நாட்குறிப்புகள், தந்திகள், கணக்குகள், சுரங்க அறிக்கைகளின் நகல்கள், புகைப்படங்கள். ஹூவருடையவை பெரும்பாலும் இரண்டு இடங்களில் இருக்கின்றன. ஒன்று, ஸ்டான்ஃபோர்டில் 1919இல் அவரே 50,000 டாலர் கொடுத்துத் தொடங்கிவைத்த போர் ஆவணச் சேகரிப்பிலிருந்து வளர்ந்த ஹூவர் நிறுவனம். மற்றது, அவர் பிறந்த வெஸ்ட் பிராஞ்சில் அவருடைய 88ஆவது பிறந்தநாளான 1962 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்ட அதிபர் நூலகம்.

என்ன கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். ஹூவரின் நினைவுக்குறிப்பு நூல் 1951இல்தான் வெளிவரத் தொடங்கியது. நடந்ததன் முடிவு தெரிந்தபின் திரும்பிப் பார்த்துச் சொல்லும் கதை அது. அதில் புலி வருகிறது: பர்மாவின் ஷான் மலையில் பாட்வின் என்ற இடத்தில், சீனர்கள் எப்போதோ வெள்ளி எடுத்துக் கைவிட்ட பழைய சுரங்கத்துக்குள் ஊர்ந்து போனவர், தரையில் புலியின் புதுக் காலடித்தடத்தைக் கண்டு திரும்பி ஓடினாராம். நல்ல கதைதான். ஆனால் ஆஸ்திரேலியாவிலிருந்து அண்ணன் தியோடருக்கும், ஸ்டான்ஃபோர்டில் தமக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் பிரானருக்கும், தோழர்களுக்கும் எழுதிய கடிதங்களில் புலி இல்லை. தூசி இருக்கிறது, தனிமை இருக்கிறது, வீட்டு ஏக்கம் இருக்கிறது. அடுத்த மாதம் என்ன ஆகும் என்று தெரியாத ஒருவர் எழுதியவை அவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

மூன்றாவதாக ஒரு சாட்சியும் உண்டு: நீதிமன்றப் பதிவு. சீனாவின் கைபிங் நிலக்கரிச் சுரங்கம் 1900–1901இல் வெள்ளைக்காரர் கைக்கு மாறிய விதத்தில் ஹூவருக்கு நேரடிப் பங்கு இருந்தது. சுரங்கத்தின் சீனத் தலைவர் சாங் யென்மாவ், தமக்குக் கொடுத்த எழுத்து வாக்கை மீறிவிட்டார்கள் என்று லண்டனில் வழக்குப் போட்டார். ஹூவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். 1905இல், அந்த வாக்கு செல்லும், அதன்படி நடக்க வேண்டும் என்று சாங்குக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஹூவரின் வாழ்க்கையைப் படிக்கிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகக் கூடாது.

கே: அவருடைய மனைவியும் நிலவியல் படித்தவராமே?
– இல்லத்தரசி, காரைக்குடி

ஆமாம் அம்மா. லூ ஹென்றி, 1898இல் ஸ்டான்ஃபோர்டில் நிலவியல் பட்டம் பெற்ற முதல் பெண். 1899 பிப்ரவரி 10இல் கல்யாணம், மறுநாளே சீனாவுக்குக் கப்பல். 1900 கோடையில் தியென்ட்சின் என்ற சீன நகரத்தில், வெளிநாட்டாரை எதிர்த்து எழுந்த பாக்ஸர் கிளர்ச்சிக்காரர்களும் சீனப் படையும் வெளிநாட்டார் குடியிருப்பை முற்றுகையிட்டபோது, இவர் குண்டு பாயும் தெருவில் சைக்கிளில் மருத்துவமனைக்குப் போய்க் காயம்பட்டவர்களைப் பார்த்தார். கணவரோ சர்க்கரை மூட்டையும் தானிய மூட்டையும் அடுக்கித் தடுப்புச் சுவர் கட்டிக்கொண்டிருந்தார். முற்றுகை முடிந்தபின் லூ ஒரு தோழிக்கு எழுதிய கடிதத்தில், நீ இங்கே இல்லாமல் போனாயே, நல்ல வாய்ப்பைத் தவறவிட்டாய் என்கிற தொனியில் எழுதுகிறார். அழுகை ஒரு சொட்டு இல்லை.

ஜெர்மானியரான அக்ரிகோலா 1556இல் லத்தீனில் எழுதிய சுரங்கப் பெருநூலை இருவரும் சேர்ந்து ஆங்கிலத்தில் கொண்டுவந்து 1912இல் வெளியிட்டார்கள். மரத்தில் செதுக்கிய பழைய படங்கள் அத்தனையும் அதில் உண்டு. தலைப்புப் பக்கத்தில் இருவர் பெயரும் உண்டு.

லூ எதையும் தூக்கிப்போடாதவர். 1944இல் அவர் இறந்தபின், கஷ்டத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்த கடனுக்குத் திரும்பி வந்த காசோலைகள் வங்கியில் போடப்படாமல் அவர் மேசையில் கிடந்தனவாம். அவருடைய ஆவணங்கள் நெடுங்காலம் மூடியே இருந்து, 1980களில்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்தன.

கே: எங்கள் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிரில் பிடித்தவர். தொழிலாளிகளைப் பற்றி இந்த ஹூவர் என்ன நினைத்தார் என்று தெரிந்துகொள்ள ஆசை.
– வாசகர், கோலார் தங்கவயல்

என் ஊர்க்காரர் கேட்கிறார். மழுப்பாமல் சொல்கிறேன்.

1909இல் ஹூவர் சுரங்கத் தொழில் பற்றி ஒரு பாடநூல் வெளியிட்டார். கொலம்பியாவிலும் ஸ்டான்ஃபோர்டிலும் ஆற்றிய உரைகளின் தொகுப்பு. கனிம இருப்பைக் கணக்கிடும்போது, நிரூபிக்கப்பட்டது, இருக்கக்கூடியது, எதிர்பார்க்கலாம் என்ற அளவில் உள்ளது என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லுங்கள், பங்கு வாங்குகிறவரை ஏமாற்றாதீர்கள் என்று அதில் சொல்கிறார். நான் சாம்பிள் எடுத்துப் பழகிய காலத்திலும் அந்த ஒழுங்குதான் எங்களுக்கு அடிப்படை. அதே நூலில், கட்டுப்பாடற்ற முதலாளிக் கூட்டமைப்புகளுக்குத் தொழிற்சங்கங்களே இயல்பான, சரியான மாற்று மருந்து என்றும் எழுதினார். 1909இல் ஒரு சுரங்க நிர்வாகி இப்படி எழுதியது பெரிய விஷயம்.

அதே நூலில்தான் இதுவும் இருக்கிறது: ஆசியர், கறுப்பர், அமெரிக்கர், ஆஸ்திரேலியர் எல்லாரையும் வேலை வாங்கிப் பார்த்த அனுபவத்தில், மண் அள்ளுவது, வண்டி தள்ளுவது போன்ற எளிய வேலையில்கூட ஒரு வெள்ளைக்காரர் மற்ற நிறத்தவர் இரண்டு மூன்று பேருக்குச் சமம் என்கிறார். முதன்முதல் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

அளவெடுப்பதில் அத்தனை கறாரானவர் இங்கே எதை அளந்தார்? யார் கையில் எந்தக் கருவி இருந்தது, யாருக்கு எந்தச் சாப்பாடு, யார் வீட்டில் எத்தனை பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள் என்ற கணக்கு இல்லாமல் இரண்டு மனிதரை ஒப்பிட்டால் அது அளவே ஆகாது. பர்மாவில் அவருக்கே மலேரியா வந்து படுத்தவர். காய்ச்சலோடு வேலைக்கு வருவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

நம் ஊரைப் பாருங்கள். ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயச் சுரங்க நிறுவனம் 1880இல் கால் வைத்ததிலிருந்து 2001இல் சுரங்கம் மூடும்வரை, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழர்களே, அதிலும் பெரும்பாலும் தலித் மக்களே, பாறையைத் துளைத்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறை 60 பாகை செல்சியஸுக்கு மேல் கொதிக்கிற ஆழத்தில், ராக்பர்ஸ்ட் (அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறுவது) எப்போது நேரும் என்று தெரியாமல் உங்கள் தாத்தா டிரில் பிடித்தார். அந்த ஆழத்தில் அவரை யாரோடும் வகுத்துப் பார்க்க ஒருவருக்கும் உரிமை இல்லை.

குவாலியாவிலும் ஹூவர் செலவைக் குறைக்கவும் உள்ளூர்த் தொழிலாளர் இயக்கத்தைக் கட்டுப்படுத்தவும் இத்தாலியத் தொழிலாளிகளைக் கொண்டுவந்தார். ஆக, 1898இல் சங்கத்துக்கு எதிராக வேலை செய்தவர் 1909இல் சங்கத்துக்கு ஆதரவாக எழுதுகிறார். இந்த மாற்றம் உண்மையானது என்றே நினைக்கிறேன். நிறத்தைப் பற்றிய எண்ணத்தில் அந்த மாற்றம் வராமல் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை. எங்கள் தாத்தாவும் அந்த ‘இரண்டு மூன்று பேரில்’ ஒருவர்தானே.

கே: எங்கள் பெரியப்பா தங்கவயலில் சர்வேயராக இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டி பரணில் இருக்கிறது. உள்ளே நோட்டுகள், சம்பளச் சீட்டு, சில வரைபடங்கள். பழைய பேப்பர்காரருக்குப் போடச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், ஓசூர்

போடாதீர்கள் தம்பி. கெஞ்சிக் கேட்கிறேன். அதிபரானதால் ஹூவரின் காகிதத்துக்கு ஒரு நூலகம் எழும்பியது. உங்கள் பெரியப்பாவின் காகிதத்துக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை.

முதலில், அவர் அடுக்கிவைத்த வரிசையைக் கலைக்காமல் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றையும் மொபைலில் படம் எடுங்கள். எந்தச் சீட்டு எந்த நோட்டுக்குள் இருந்தது என்பதும் ஒரு தகவல். குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்டு இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள். துருவும் பிசுக்கும் காகிதத்தைத் தின்றுவிடும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டக் கூடாது. லேமினேஷன் செய்யவே கூடாது. ஏதாவது குறிக்க வேண்டுமென்றால் பென்சிலால், ஓரத்தில், சிறியதாக. பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, ஈரமும் வெயிலும் படாத அலமாரியில் வையுங்கள்.

விபத்து அறிக்கையோ, மருத்துவச் சீட்டோ, சிலிகோசிஸ் (பாறைத் தூசியால் வரும் நுரையீரல் நோய்) இழப்பீட்டுத் தாளோ இருந்தால் அதில் மற்றவர் பெயர்களும் இருக்கும். அவற்றை இணையத்தில் போட்டுவிடாதீர்கள். வீட்டில் பெரியம்மா இருந்தால் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பிறகு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை ஒரு முறை கேட்டுப் பாருங்கள்; அவர்கள் எடுக்காவிட்டாலும் எங்கே கொடுக்கலாம் என்று வழி சொல்லக்கூடும்.

வரைபடங்கள் மடிந்திருந்தால் வலிந்து பிரிக்க வேண்டாம். சுருட்டி வைத்திருந்தால் அப்படியே இருக்கட்டும். ஓரத்தில் லெவல் (சுரங்கத்தின் ஆழத் தளம்) எண்ணும் ஷாஃப்ட் (கீழே இறங்கும் குழி) பெயரும் எழுதியிருப்பார்கள். அந்த மூலை தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். எந்தச் சுரங்கம், எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்கிறேன்.