சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணன், என்னிடம் இருப்பது ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த 1500 சீசீ பெட்ரோல் கார், கொஞ்சம் பழையது. காலையில் மட்டக்களப்புக்கு ஒரு குறையும் இல்லாமல் போகும். மதிய வெயிலில் திரும்பி வரும்போது காத்தான்குடி நெரிசலில் திடீரென்று எஞ்சின் நின்றுவிடும். செல்ப் அடித்தால் நன்றாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது. அரை மணித்தியாலம் விட்டால் தானாக ஸ்டார்ட் ஆகும். கராஜில் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள், பிறகு பிளக், அப்புறம் காயில். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியாக ஸ்கேன் பண்ணியதில் பி0335 என்ற பழுதுக் கோட் வந்தது. கிராங்க் சென்சரை வாங்கிப் போட்டுவிடவா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: தம்பி, உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் நிற்கிறது, ஆனால் இன்றைக்கே கடைக்குப் போக வேண்டாம். பி0335 என்றால் கிராங்க் சென்சரின் சிக்னல் எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டருக்கு ஒழுங்காக வரவில்லை என்றுதான் அர்த்தம். சென்சர் செத்துவிட்டதா, வயர் அறுந்ததா, சொக்கட் கழன்றதா என்று அதற்குத் தெரியாது. ஏற்கனவே மூன்று சாமான் மாற்றிக் காசு போய்விட்டது, நாலாவதையாவது பார்த்து மாற்றுங்கள்.

பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டுதான் கிராங்க், அதோடு ஒரு பல் சக்கரம் சுற்றும். சில எஞ்சினில் 36 பல்லுக்குரிய இடத்தில் இரண்டு இருக்காது, சிலதில் 60க்கு இரண்டு இருக்காது. அந்த வெற்றிடம் கடந்து போவதை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. சிக்னல் நின்றால் பிளக்கில் தீப்பொறியும் இல்லை, பெட்ரோல் தெளிப்பதும் இல்லை, எத்தனை தரம் செல்ப் அடித்தாலும் பலனில்லை. இரண்டு வயர் சென்சருக்குள் காந்தத்தைச் சுற்றி மயிர் போன்ற செப்புக் கம்பிச் சுருள் இருக்கும். வருடக்கணக்கில் எஞ்சின் சூட்டில் கிடந்து அதில் ஒரு கீறல் விழுந்தால், சூடாகும்போது விரிந்து தொடுப்பு விட்டுப்போகும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். கராஜுக்கு நீங்கள் போய்ச் சேரும்போது எஞ்சின் ஆறியிருக்கும், மீற்றர் வைத்தால் எல்லாம் சரியாகக் காட்டும், அவர்கள் மேல் முழுப் பழியையும் போட முடியாது. இந்தப் பழுதை அது நிற்கும் அந்த நேரத்திலேயே பிடிக்க வேண்டும்.

அதனால் காருக்குள் ஒரு மல்டிமீற்றரைப் போட்டு வையுங்கள், முடிந்தால் போனோடு இணையும் சின்ன ஸ்கேனர் ஒன்றும். நின்றதும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, செல்ப் அடித்தபடி ஸ்கேனரில் ஆர்பிஎம் பாருங்கள், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை தரம் சுற்றுகிறது என்று. செல்ப் சுற்றும்போது 200க்குக் கிட்ட ஏதாவது காட்ட வேண்டும். பூச்சியமாகவே நின்றால் சிக்னல் வரவில்லை. ஆர்பிஎம் ஒழுங்காகக் காட்டி, பொறியும் வந்து, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் சென்சரை விட்டுவிட்டு பெட்ரோல் பிரஷரைப் பாருங்கள், சூட்டில் நிற்கிற பம்பும் அதற்கு மின்சாரம் விடுகிற ரிலேயும் உண்டு. பற்றரி இறங்கியிருந்தால் செல்ப் மெதுவாகச் சுற்றி, நல்ல சென்சரும் பலவீனமான சிக்னல்தான் தரும், அதையும் மனதில் வையுங்கள்.

அடுத்து சாவியை நிறுத்திவிட்டு சென்சரின் பிளக்கைக் கழற்றுங்கள், பக்கத்தில் எக்சோஸ்ட் இருந்தால் கை கவனம். இரண்டு வயர் என்றால் மீற்றரை ஓம்ஸில், அதாவது மின்தடை பார்க்கும் இடத்தில், வைத்து அளந்து பாருங்கள். பெரும்பாலும் சில நூறிலிருந்து இரண்டாயிரம் ஓம் சொச்சத்துக்குள் வரும், சரியான எண் உங்கள் எஞ்சின் மனுவலில் இருக்கும். முடிவே இல்லாத அளவாகக் காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது, விஷயம் முடிந்தது. மீற்றரை எடுக்காமல் ஈரத் துணியால் சென்சரை மட்டும் குளிர வையுங்கள், அளவு திரும்பி வந்து, பிளக்கை மாட்டியதும் காரும் ஸ்டார்ட் ஆனால் இனி யாரிடமும் கேட்கத் தேவையில்லை. மூன்று வயர் என்றால் அது பெரும்பாலும் ஹால் வகை, உள்ளே சுருளுக்குப் பதில் எலெக்ட்ரோனிக் சில்லு இருக்கும், அதற்கு ஓம்ஸ் வைக்கவே கூடாது. சாவியைப் போட்டு 5 அல்லது 12 வோல்ட் வருகிறதா, ஏர்த் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், சிக்னலை, அதைத் திரையில் அலையாகக் காட்டும் ஸ்கோப் இருக்கிற ஓட்டோ எலெக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

சூட்டிலும் சென்சர் சரியான அளவு காட்டினால் வயரைப் பாருங்கள். கடற்கரையோரக் கார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது சொக்கட்டைத்தான், உள்ளே பின்கள் பச்சை பூத்துக் கிடக்கும். நெல் மூட்டை அடுக்கிய இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்துகிற காரென்றால் எலி கடித்த வயரையும் தேடுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க அந்த வயரை மெல்ல அசைத்தால் எஞ்சின் தடுமாறுகிறதா? அப்படியானால் பழுது அங்கேதான். சென்சரைக் கழற்றினால் அதன் நுனியில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துத் துடையுங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் உடைத்த காரிலிருந்து எடுத்த சென்சரை வாங்காதீர்கள். அதுவும் அதே சூட்டில் அத்தனை வருடம் கிடந்ததுதான். பழையதில் உள்ள பார்ட் நம்பரை ஒப்பிட்டுப் புதிது வாங்குங்கள்.

சரி செய்யும்வரை ஒன்று கேளுங்கள். ஓடும்போது எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் இறுகும், பிரேக் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் இலகுவாக இருக்கும், அதற்குப் பிறகு முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். இந்தக் காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மகா ஓயா பாதையில் இரவில் போகவே போகாதீர்கள், யானை கடக்கிற இடத்தில் அரை மணித்தியாலம் காத்திருக்க முடியாது.

கேள்வி: கிராங்க் சென்சர் புதிதாகப் போட்டேன். இப்போது நிற்பதில்லை, ஆனால் காலையில் நெடுநேரம் செல்ப் அடித்தால்தான் பிடிக்கிறது. கோட் பி0340.
– வாசகர், சம்மாந்துறை

பதில்: அது கேம் சென்சரின் கோட், வால்வுகளைத் திறக்கிற கேம் தண்டு எங்கே நிற்கிறது என்று பார்க்கிற சென்சர் அது. அந்தச் சிக்னல் இல்லாமலும் பல எஞ்சின்கள் ஸ்டார்ட் ஆகும், நேரம்தான் எடுக்கும். கிராங்க் சென்சரைப் போடும்போது பக்கத்து வயரை இழுத்துவிட்டார்களா என்று முதலில் பாருங்கள். கூடவே பி0016 வந்தால் கேமும் கிராங்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். அப்போது சென்சர் எதையும் வாங்காமல் எஞ்சின் ஒயிலைப் பார்த்துவிட்டு, கிராங்கையும் கேமையும் இணைக்கிற டைமிங் செயின் இழுபட்டிருக்கிறதா என்று திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.