ஒசாகாவில் மூன்று நாள்: ஜப்பானிய மண்பாண்டங்களை எங்கே, எப்படிப் பார்ப்பது?

கேள்வி: அக்டோபர் கடைசியில் அலுவலக வேலையாக ஒசாகா போகிறேன். வேலை முடிந்தபின் ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாள் கையில் இருக்கும். ஓராண்டாகச் சக்கரத்தில் வனையக் கற்றுவருகிறேன். ஜப்பானியப் பாண்டங்களை நேரில் பார்க்க ஆசை. எந்த மியூசியங்களுக்குப் போகலாம்? கண்ணாடிக்குள் இருக்கும் கிண்ணத்தில் எதைத்தான் பார்ப்பது?

பதில்: முதலில் திங்கள்கிழமையைக் கவனியுங்கள். ஜப்பானில் பெரும்பாலான மியூசியங்களுக்கு அன்றுதான் விடுமுறை. திங்களன்று அரசு விடுமுறை வந்தால் அன்று திறந்துவைத்து, மறுநாள் மூடுவார்கள். ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் வரை மொத்தமாக மூடிவிடும் இடங்களும் உண்டு. இது தெரியாமல் நானே ஒரு முறை இரண்டு ரயில் மாறிப் போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறேன். ரயில் டிக்கெட் எடுக்கும் முன் அந்தந்த மியூசியத்தின் இணையதளத்தில் நாட்காட்டியைப் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் வனையக் கற்பவர். அதனால் சூளையை முதலில் பாருங்கள், கண்ணாடிப் பேழைகளைக் கடைசிக்கு வையுங்கள். நெருப்பு மண்ணை என்ன செய்கிறது என்று பார்த்த கண்ணோடு மியூசியத்துக்குள் நுழைந்தால் அதே கிண்ணம் வேறாகத் தெரியும்.

ஞாயிறு கியோத்தோ. ஒசாகாவிலிருந்து விரைவு ரயிலில் அரை மணி நேரம். கோஜோசாகா பகுதியில் கவாய் கஞ்சிரோ என்ற குயவர் வாழ்ந்த வீடு இருக்கிறது. 1937-இல் அவரே வடிவமைத்துக் கட்டியது. 1966-இல் அவர் இறந்தபின், 1973 முதல் நினைவகமாகத் திறந்திருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் அவர் செய்த நாற்காலியில் உட்காரலாம். பின்கட்டில் அவருடைய சக்கரம், அதைத் தாண்டி மேட்டில் படிப்படியாக ஏறும் எட்டு அறைச் சூளை. ஜப்பானியர் இதை நொபோரிகாமா என்கிறார்கள். கீழே மூட்டும் தீயின் சூடு ஒவ்வோர் அறையாக மேலே ஏறும். அக்கம்பக்கத்துக் குயவர்களும் பங்குபோட்டுச் சுட்ட சூளை இது. காற்று மாசு விதிகள் வந்தபின் நகருக்குள் இப்படி விறகு எரிக்க முடியாமல் போய்விட்டது. அரசின் உயரிய கலை விருதுகளை வேண்டாம் என்று சொன்ன மனிதர் கவாய். அவசரப்படாமல் அங்கே இரண்டு மணி நேரமாவது இருங்கள்.

அன்றே, தேநீர்க் கிண்ணங்களுக்குப் பெயர்பெற்ற ராகு குயவர் குடும்பத்தின் மியூசியத்தில் கண்காட்சி நடந்தால் அதையும் பார்க்கலாம். ராகு கிண்ணத்தைச் சக்கரத்தில் வனைவதில்லை, கையாலேயே பிடித்து, செதுக்கி எடுப்பார்கள். கறுப்பு ராகுவைச் செந்தழலாக இருக்கும்போதே இடுக்கியால் சூளையிலிருந்து வெளியே இழுப்பார்கள். அந்த இடுக்கியின் தழும்பு பல கிண்ணங்களின் பக்கவாட்டில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

திங்களுக்கு நான் சொல்வது இம்பே. பிஜென் பாண்டங்களின் ஊர். ஷின்-ஒசாகாவிலிருந்து ஒகயாமாவுக்குப் புல்லட் ரயிலில் முக்கால் மணி, அங்கிருந்து ஆக்கோ பாதையில் உள்ளூர் ரயிலில் சுமார் 40 நிமிடம். உள்ளூர் ரயில்கள் அடிக்கடி கிடையாது, திரும்பும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மியூசியம் மூடியிருக்கும் நாளிலும் இந்த ஊரில் பார்க்க நிறைய உண்டு. அமாட்சு கோயிலுக்குக் காவல் நிற்கும் விலங்குச் சிலைகளும், அங்கே பதித்த ஓடுகளும் பிஜென் சுடுமண்தான். ஊருக்குத் தெற்கே பழைய பெருஞ்சூளையின் தடம் கிடக்கிறது, ஐம்பது மீட்டருக்கும் மேல் நீளம்.

பிஜெனுக்குக் கண்ணாடி போன்ற மேற்பூச்சே கிடையாது. நெல்வயலுக்கு அடியிலிருந்து எடுக்கும் இரும்புச் சத்துள்ள களிமண்ணை, பைன் விறகில் பத்து நாள், இரண்டு வாரம் என்று விடாமல் சுடுகிறார்கள். விறகுச் சாம்பல் பாண்டத்தின் மேல் விழுந்து உருகிப் பொட்டுப் பொட்டாக நின்றால் அதற்குப் பெயர் ‘கோமா’, அதாவது எள். பாண்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க வைக்கோல் சுற்றுவார்கள். வைக்கோல் எரிந்த இடத்தில் சிவப்புக் கோடுகள் நிற்கும். அது ‘ஹிதாசுகி’. யாரும் தீட்டிய கோடு அல்ல.

ஸ்டேஷனைச் சுற்றியுள்ள கடைகளில் கேட்டுவிட்டுக் கையில் எடுத்துப் பார்க்கலாம். மோதிரம், வாட்ச், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எல்லாவற்றையும் முதலில் கழற்றுங்கள். இரண்டு கையாலும், மேசையை ஒட்டித் தாழ்வாகவே பிடியுங்கள். எடை எங்கே இருக்கிறது, உதடு படும் விளிம்பு எப்படி இருக்கிறது என்பதைக் கை சொல்லிவிடும். எந்த மியூசியப் பேழையும் இதைத் தராது. வாங்குவதாக இருந்தால் சாக்கே என்ற அரிசி மது குடிக்கும் ‘குயினோமி’ என்ற சின்னக் கிண்ணம் போதும். விமானத்தில் கைப்பையிலேயே கொண்டுவாருங்கள்.

அரித்தாவுக்கும் போகலாமா என்று உங்களுக்குத் தோன்றும். இந்த முறை வேண்டாம். அது கியூஷூ தீவில், வெள்ளைப் பீங்கானின் ஊர். 1616-இல் கொரியக் குயவர் யி சாம்-பியோங் அங்கே பீங்கான் கல்லைக் கண்டெடுத்தார் என்பது மரபு. அங்கே 1980-இல் திறந்த கியூஷூ பீங்கான் மியூசியம் ஒன்றுக்கே முழு நாள் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஒசாகாவின் நகராட்சிக் கீழைப் பீங்கான் மியூசியம், நாகனோஷிமாவில். 1982-இல் தொடங்கியது. அதற்குள் இருப்பவை பெரும்பாலும் சீன, கொரியப் பாண்டங்கள், ஜப்பானியவை குறைவு. ஆனாலும் கட்டாயம் போங்கள். ஜப்பானியத் தேநீர் விரும்பிகள் உயிராக மதித்தவை இவைதான். தேசியப் பொக்கிஷமாக அறிவித்த எண்ணெய்த்துளிக் கிண்ணம், அதாவது கறுப்புப் பூச்சில் எண்ணெய்த் துளிபோலப் புள்ளிகள் மின்னும் கிண்ணம், சீனாவின் ஃபுஜியான் சூளையில் செய்தது. காட்சிப் பொருள்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், அன்று அது வெளியே இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய மொழி தெரியாதது இங்கே தடையில்லை, பெயர்ப்பலகைகளில் ஆங்கிலம் இருக்கும்.

இனி, பார்க்கும் முறை. நின்றபடி மேலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். குனிந்து, விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்படி பாருங்கள், வடிவம் அப்போதுதான் பிடிபடும். பிறகு கீழே வாருங்கள். கிண்ணத்தின் அடிவளையத்தைக் ‘கோதாய்’ என்பார்கள். பூச்சு பெரும்பாலும் அதற்குச் சற்று மேலேயே நின்றுவிடும். மண்ணின் உண்மை நிறம், செதுக்கிய கத்தியின் வேகம், பூச்சில் முக்கும்போது பிடித்த விரல்களின் தடம், மூன்றும் அங்கே கிடைக்கும். நான் எந்தக் கிண்ணத்தையும் அடியிலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். நான்கு அல்லது ஆறு மடங்கு பெரிதாக்கும் சிறிய ஒற்றைக்கண் தொலைநோக்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஜப்பானியப் பார்வையாளர்கள் பலர் கையில் அதைப் பார்ப்பீர்கள். குறிப்பு எடுக்கப் பென்சில் மட்டும்தான், பேனாவை விடமாட்டார்கள்.

ஒசாகா மியூசியத்தில் இயற்கை ஒளியில் பாண்டங்களை வைத்திருக்கும் பகுதி ஒன்று உண்டு. செலடான் என்ற பச்சைப் பூச்சுப் பாண்டத்தைப் பார்க்க ஏற்றது, இலையுதிர்காலத்துத் தெளிந்த நாளில், காலை பத்து மணிக்கு, வடக்கு பார்த்த அறையில் தாள்கதவு வழியே வரும் வெளிச்சம் என்று ஜப்பானில் சொல்வார்கள். நீங்கள் போவது அக்டோபர் கடைசி. செவ்வாய் காலை கதவு திறந்ததும், மற்ற அறைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு நேராக அங்கே போய் நில்லுங்கள்.