இரண்டாம் சார்லஸ் கால இங்கிலாந்து: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தந்தையின் தலையை வெட்டிய நாடு, பதினோரு ஆண்டுகளில் மகனை வரவேற்று அரியணையில் அமர்த்தியது எப்படி ஐயா?

பதில்: 1649 ஜனவரி 30 அன்று முதலாம் சார்லஸைக் கொன்றது நாடு முழுவதும் கூடி எடுத்த முடிவு அன்று, படையும், அதன் பிடியிலிருந்த நாடாளுமன்றத்தின் எஞ்சிய பகுதியும் எடுத்த முடிவு. மன்னரில்லாத நாட்டை ஆண்டுவந்த படைத்தலைவர் ஆலிவர் குரோம்வெல் 1658 செப்டம்பரில் இறந்தபின், அவருடைய மகன் ரிச்சர்டால் அந்தப் படையைக் கட்டி மேய்க்க முடியவில்லை. ஸ்காட்லாந்திலிருந்து தளபதி ஜார்ஜ் மாங்க் தம் படையோடு லண்டனுக்கு வந்து புதிய தேர்தலுக்கு வழி திறந்தார்; நெதர்லாந்தின் பிரேடா நகரில் இருந்த, முதலாம் சார்லஸின் மகன் இளவரசர் சார்லஸ் பொதுமன்னிப்பையும், சமய விஷயத்தில் மனச்சாட்சி உரிமையையும், படைவீரர்களுக்குச் சம்பளப் பாக்கியையும் வாக்களித்து அறிக்கை விட்டார். 1660 மே 29 அன்று, தம் முப்பதாவது பிறந்தநாளில், லண்டனுக்குள் நுழைந்தார்.

கேள்வி: குரோம்வெல் காலம் இருண்டது, சார்லஸ் வந்ததும் கலையும் அறிவியலும் மலர்ந்தன என்று படித்திருக்கிறோம். சரிதானா?

பதில்: பாதிதான் சரி. 1642 முதல் நாடக அரங்குகள் மூடிக் கிடந்ததும், 1647இல் கிறிஸ்துமஸ் கொண்டாட்டமே தடை செய்யப்பட்டதும் உண்மை. ஆனால் 1656இல், குரோம்வெல் உயிரோடிருக்கும்போதே, வில்லியம் டேவனன்ட் லண்டனில் ஓர் இசைநாடகத்தை அரங்கேற்றினார். அதில் தீட்டிய காட்சித் திரைகள் இருந்தன, ஒரு பெண் பாடவும் செய்தார். லண்டனின் முதல் காப்பிக்கடை 1652ஐச் சேர்ந்தது. அறிவியல் ஆய்வாளர்களின் சங்கமான அரச கழகத்தின் கதை இன்னும் சுவையானது: 1660 நவம்பர் 28 அன்று கிரெஷாம் கல்லூரியில் கூடி அதைத் தொடங்கியவர்களுக்குத் தலைமை வகித்த ஜான் வில்கின்ஸ், குரோம்வெல்லின் சகோதரியை மணந்தவர். அவர் ஆக்ஸ்ஃபோர்டில் நடத்திவந்த ஆய்வு வட்டத்தைச் சேர்ந்த பலரும் அதில் இடம்பெற்றனர். ஆகவே மன்னரில்லாத குடியரசுக் காலத்தில் முளைவிட்ட பலவற்றுக்கு அரசர் நிழல் தந்தார் என்பதே என் கணிப்பு; விதைத்தவர் அவரல்லர்.

கேள்வி: பெண்கள் மேடையேறியதை விடுதலை என்று கொள்ளலாமா?

பதில்: தயக்கத்தோடுதான் கொள்ளவேண்டும். அதுவரை மேடையில் பெண் வேடங்களை ஆண்களே ஏற்றுவந்தார்கள். 1660 ஆகஸ்டில் லண்டன்வாசியான சாமுவேல் பீப்ஸ் ஒரு நாடகத்துக்குப் போய், அதில் பெண் வேடமிட்ட எட்வர்ட் கைனஸ்டன் என்ற இளைஞரைக் கண்டு, இவ்வளவு அழகிய பெண்மணியைத் தாம் வாழ்நாளில் பார்த்ததில்லை என்ற பொருள்பட நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தில் டெஸ்டிமோனா பாத்திரத்தில் ஒரு பெண்ணே நடித்தார். நாடகம் நடத்தும் உரிமையைக் கில்லிக்ரூ, டேவனன்ட் என்ற இருவருக்கு மட்டுமே அரசர் வழங்கியிருந்தார்; பெண் பாத்திரங்களைப் பெண்களே ஏற்கவேண்டும் என்பது 1662இல் அந்த உரிமைப் பத்திரத்திலேயே இடம்பெற்றது. நடிகைகளுக்கு ஊதியமும் புகழும் கிடைத்தன. கூடவே, கால்கள் தெரியும்படி ஆண் உடையில் அவர்களைத் தோன்றச் செய்யும் காட்சிகளும் பெருகின, அவை யாருக்காக எழுதப்பட்டன என்பதை விளக்க வேண்டியதில்லை. மெய்யான மாற்றத்தை நான் ஆஃப்ரா பென் என்ற பெண் எழுத்தாளரிடம் காண்கிறேன். ஆன்ட்வெர்ப்பில் அரசருக்காக உளவு பார்த்துக் கடனாளியாகத் திரும்பிய அவர், எழுத்தையே தொழிலாக்கி வாழ்ந்தார்.

கேள்வி: எதற்கெடுத்தாலும் பீப்ஸையே சாட்சிக்கு இழுக்கிறீர்களே, ஒருவர் சொல்லை நம்பலாமா?

பதில்: நியாயமான கண்டனம். கடற்படை அலுவலகத்தில் பணியாற்றிய பீப்ஸ், 1660 ஜனவரி 1 முதல் 1669 மே 31 வரை சுருக்கெழுத்தில் எழுதினார். பார்வை போய்விடும் என்ற அச்சத்தில் நிறுத்திக்கொண்டார். 1666 செப்டம்பரில் சுமார் 13,200 வீடுகளைத் தின்ற பெருந்தீ நெருங்கியபோது, அவர் தோட்டத்தில் குழி வெட்டித் தம் திராட்சை மதுவையும் பார்மசான் பாலாடைக்கட்டியையும் புதைத்துவைத்தார். புதைத்துக் காக்கும் அளவுக்குப் பாலாடைக்கட்டி வைத்திருந்தவரின் கண் வழியாகத்தான் நாம் அந்த லண்டனைப் பார்க்கிறோம். கிராமத்து உழவரின் குரல் அவரிடம் கிடைக்காது.

கேள்வி: தேநீரை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர் அரசி கேத்தரின்தானே?

பதில்: இல்லை. அவர் போர்ச்சுகலிலிருந்து வந்தது 1662இல். பீப்ஸ் 1660 செப்டம்பரிலேயே ஒரு கோப்பை குடித்துவிட்டார். அரண்மனைப் பெண்களிடையே அதை நாகரிகமாக்கியவர் என்று வேண்டுமானால் அரசியைச் சொல்லலாம். அவருடைய சீதனத்தில் பம்பாயும் இருந்தது; 1668இல் அரசர் அதை ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார்.

கேள்வி: வாக்களித்த மனச்சாட்சி உரிமை என்னவாயிற்று?

பதில்: காற்றில் போயிற்று, அதில் அரசரைவிட, பழி தீர்க்கத் துடித்த நாடாளுமன்றத்துக்கே பெரும் பங்கு உண்டு. எல்லாக் குருமாரும் இங்கிலாந்துத் திருச்சபையின் ஒரே வழிபாட்டு முறையை ஏற்கவேண்டும் என்ற 1662இன் ஒருமைப்பாட்டுச் சட்டத்தையொட்டி ஏறத்தாழ 2,000 குருமார்கள் பதவியிழந்தார்கள். உரிமமின்றிச் சமயச் சொற்பொழிவு செய்த ஜான் பன்யன் பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தார். 1661இல், அரசரின் தந்தை கொல்லப்பட்ட அதே ஜனவரி 30 அன்று, குரோம்வெல்லின் பிணத்தைத் தோண்டியெடுத்துத் தூக்கிலிட்டுத் தலையைத் துண்டித்தார்கள்.

கேள்வி: அப்படியானால் அரசர் நினைத்ததெல்லாம் நடந்ததா?

பதில்: காப்பிக்கடை விவகாரத்தைப் பாருங்கள். ஒரு பென்னி கொடுத்தவர் எவரும் உட்கார்ந்து அரசியல் பேசலாம் என்றிருந்த அந்தக் கடைகளை மூடும்படி 1675 டிசம்பர் 29 அன்று ஆணை பிறந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், ஆணை நடைமுறைக்கு வரும் முன்பே, ஜனவரியில் அரசர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கடைகள் ஒருநாள்கூட மூடவில்லை.