ஓஸ்டர்ஸேயனில் ட்ரோன் பறக்கவிடலாமா?

மியூனிக்கிலிருந்து ஓஸ்டர்ஸேயன் என்ற குட்டி ஏரிக்கூட்டத்துக்குப் போய் ட்ரோனில் படம் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீங்க. வேண்டாங்க. 1981 முதல் அது இயற்கைக் காப்பகம். ஜெர்மனியில் அப்படிப்பட்ட இடங்களுக்கு மேலே அனுமதியில்லாமல் ட்ரோன் விடக்கூடாது. நாணலில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரண்டு முட்டையை விட்டுப் பறந்துடும்.

கேமரா மட்டும் போதும். துட்ஸிங் வழியாக கோஹெல் போகும் ரயிலில் ஏறி இஃபெல்டார்ஃபில் இறங்குங்க. பனிப்பாறை பின்வாங்கியபோது சரளையில் புதைந்துபோன பனிக்கட்டிகள் மெல்ல உருகிய பள்ளங்கள்தான் இந்தக் குட்டி ஏரிகள், சுமார் இருபது இருக்கும். இன்றும் பெரும்பாலும் நிலத்தடி நீர்தான் ஊட்டம். 'நீலக் கசம்' என்று பொருள்படும் பெயரில் ஊற்று ஒன்று உண்டு, அதைத் தவறவிடாதீங்க. காற்றில்லாத காலையில் போனால் தெற்கே ஆல்ப்ஸ் அப்படியே தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். குறித்த பாதையை விட்டு மட்டும் இறங்காதீங்க, ஓரமெல்லாம் சதுப்பு.