அட்சரேகைனா என்ன? நம்ம ஊர்ல ஏன் குளிர்காலமே வர்றதில்ல?

பூமியோட நடுவுல குறுக்கால ஒரு கோடு போட்டதா நினைச்சுக்குங்க, அதுதான் பூமத்திய ரேகை, 0 டிகிரி. அங்கருந்து ஒரு இடம் வடக்கயோ தெற்கயோ எத்தனை டிகிரி தள்ளி இருக்குனு சொல்றதுதான் அட்சரேகை, துருவத்துல 90ல முடியும். ஒரு டிகிரினா தரையில ஏறக்குறைய 111 கிலோமீட்டர். மலேசியாவுல இருக்கற நம்ம ஊரு சுங்கை சிப்புட் கிட்டத்தட்ட 5 டிகிரி வடக்கு, சென்னை 13, லண்டன் 51க்கு மேல.

குளிர்காலம் இல்லாததுக்கு காரணம் வெயில் விழற கோணம். விடியறதுக்கு முன்னாடி பால் மரம் வெட்ட (ரப்பர் மரத்து பட்டைய கீறி பால் எடுக்க) போறவங்க நெத்தியில கட்டுற லைட் இருக்குல்ல, அத பட்டைக்கு நேரா காட்டினா சின்ன வட்டமா பளிச்னு விழும், சாய்ச்சு காட்டினா அதே வெளிச்சம் நீளமா பரவி மங்கிடும். நமக்கு வருஷம் முழுக்க உச்சி வெயில் ஏறக்குறைய நேரா விழுது, லண்டனுக்கு டிசம்பர்ல ரொம்ப சாய்ஞ்சு விழுது, பகலும் குட்டை. ரப்பரும் செம்பனையும் (எண்ணெய் எடுக்கற பனை) இங்க இவ்ளோ நல்லா வர்றதுக்கு இந்த சூடும் மழையும்தான் காரணம், பிள்ளைங்களுக்கு இத கண்டிப்பா சொல்லிக்குடுங்க.

ஒரே அட்சரேகைனா ஒரே அளவு சூடுனு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது தப்பு, கேமரன் மலையும் கிட்டத்தட்ட நம்ம டிகிரிதான், ஆனா உயரத்துல இருக்கறதால அங்க ஸ்வெட்டர் போடணும்.