வாசனை தெரியாது, ருசி தெரியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சேலத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருக்கிறேன். வாசனை தெரியாதவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி (அம்மாப்பேட்டை): எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே வாசனை தெரியாது. ஆனால் நன்றாக ரசித்துச் சாப்பிடுவேன். "மூக்கே வேலை செய்யாதவளுக்கு ருசி எப்படித் தெரியும்?" என்கிறார் மாமியார்.

பதில்: நீங்கள் சொல்வது உண்மைதான். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, எலும்பு சூப்பிலும் காளானிலும் வரும் உமாமி, இவை ஐந்தையும் நாக்கே சொல்லிவிடும். அறுசுவையில் நாம் சேர்க்கிற கார்ப்பும் துவர்ப்பும் சுவை மொட்டுகளின் வேலையே இல்லை. மிளகாய், சூட்டையும் வலியையும் உணர்கிற நரம்பில் போய் உறைக்கிறது. வாழைப்பூவின் துவர்ப்பு வாயைச் சுருக்கிப் பிடிக்கிற உணர்வு. இதற்கெல்லாம் வாசனை நரம்பு தேவையில்லை.

உங்களுக்கு வராதது மணம் மட்டும். மாமியாரை மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு மல்கோவாவை மெல்லச் சொல்லுங்கள். இனிக்கும், லேசாகப் புளிக்கும், நாக்கில் வழுக்கும். ஆனால் அது மல்கோவாவா இமாம் பசந்தா என்று சொல்லத் திணறுவார். விரலை எடுத்ததும் மாம்பழ மணம் குப்பென்று வந்துவிடும். மெல்லும்போது மணம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. அந்த வழியைத்தான் அவர் விரல் அடைத்திருந்தது. அடைத்திருந்தபோதும் பழம் ருசித்ததா இல்லையா என்று அவரையே கேளுங்கள்.

கேள்வி (ஏற்காடு): எஸ்டேட்டில் வேலை செய்கிறேன். சளிக் காய்ச்சலில் வாசனை போய் ஐந்து மாதமாகிறது. காபி பூத்தபோது எனக்கு ஒரு வாசமும் தெரியவில்லை, அழுதுவிட்டேன். இப்போது கொஞ்சம் திரும்புகிறது, ஆனால் காபி சாக்கடை மாதிரி நாறுகிறது. வெங்காயம் தாளித்தால் குமட்டுகிறது.

பதில்: கோடை மழை விழுந்து பத்து நாளில் செடியெல்லாம் வெள்ளையாகி, மலையே மல்லிகை போல மணக்கும். அதற்கு நடுவில் ஒன்றும் தெரியாமல் நிற்பது பெரிய இழப்புதான், அழுகை வராமல் என்ன செய்யும்?

இந்த நாற்றம், சேதமான இடத்தில் வாசனை நரம்புகள் மறுபடி வளரும்போது பலருக்கும் வருகிற கட்டம். காபி, வெங்காயம், பூண்டு, வறுத்தது, பொரித்தது எல்லாம்தான் அதிகம் படுத்தும். கொஞ்ச நாள் அவற்றைத் தள்ளிவையுங்கள். சாப்பாட்டை ஆறவைத்துச் சாப்பிடுங்கள். ஆவி குறைந்தால் நாற்றமும் குறையும்.

அப்புறம், முகரும் பயிற்சி. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து தாமஸ் ஹம்மலின் குழு 2009-ல் வெளியிட்ட முறை இது: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு வாசனைகளைக் காலையும் மாலையும் 12 வாரம் முகர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி போதும். முகரும்போது அந்த வாசனை எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். யூகலிப்டஸ் தைலத்துக்கு நீங்கள் மலையை விட்டு இறங்கவே வேண்டாம். 12 வாரத்தில் திருப்தி இல்லையென்றால் விட்டுவிடாமல் தொடருங்கள்.

கேள்வி (ஓமலூர்): என் கணவர் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. ஒன்றரை வருடமாக வாசனை இல்லை. எதைச் சமைத்தாலும் "சப்பென்று இருக்கிறது" என்று உப்பைக் கொட்டிக்கொள்கிறார். பிபி வேறு இருக்கிறது.

பதில்: வாசனை நரம்பிழைகள் மூக்கின் கூரையில் சல்லடை போன்ற மெல்லிய எலும்பு வழியாக மூளைக்குப் போகின்றன. பலமான அடியில் அவை அறுந்துவிடும். திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் வருடத்திலேயே தெரியும். அதனால் உங்களுக்குப் பெரிய நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சாப்பாட்டை மாற்றிப் பார்ப்போம்.

நம்ம ஊர் தட்டுவடை செட்டை நினைத்துப் பாருங்கள். நறுக்கென்று உடைகிற தட்டுவடை, நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலும் கீழும் காரச் சட்னி. மணம் தெரியாதவருக்கும் அதில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. அவருக்குத் தினமும் அதையே வாங்கித் தரச் சொல்லவில்லை. அதே கணக்கை வீட்டுச் சாப்பாட்டில் கொண்டுவாருங்கள். ரசத்தில் மிளகைக் கூட்டுங்கள், பொரியலில் எலுமிச்சை பிழியுங்கள், குழைந்த சாதத்துக்குப் பக்கத்தில் வெள்ளரியோ நெல்லிக்காயோ இருக்கட்டும். உப்பு டப்பாவை அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கேள்வி (ஆத்தூர்): பதினைந்து வயது மகனுக்கு விக்ஸ் தெரிகிறது, மற்ற வாசனை எதுவும் தெரியவில்லை. இது பிறவியிலேயே வந்ததா?

பதில்: இருக்கலாம். விக்ஸின் குளிர்ச்சியை வேறு நரம்பு சொல்லிவிடும், அதை வைத்துச் சோதிக்காதீர்கள். கண்ணை மூடச் சொல்லி காபித்தூளைக் காட்டுங்கள். குரல் உடைவது, மீசை அரும்புவது போன்ற பருவ மாற்றங்கள் இன்னும் தொடங்கவில்லையென்றால் தாமதிக்காமல் ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள். பிறவி வாசனையின்மையோடு அதுவும் சேர்ந்து வருவதுண்டு, சிகிச்சையும் உண்டு.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): தனியாக இருக்கிறேன். கேஸ் கசிந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

பதில்: உங்களுக்குத் தெரியாது. சமையல் எரிவாயுவுக்கு வாசனையே கிடையாது. கசிவு தெரியட்டும் என்றுதான் நாற்றம் கலக்கிறார்கள். கசிவைக் கண்டு அலறும் கருவியை இந்த வாரமே வாங்குங்கள். எரிவாயு காற்றைவிடக் கனம், கீழே தங்கும். அதனால் கருவியைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மாட்டுங்கள். படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கும் குழம்புக் கிண்ணத்தின் மேல் தேதி எழுதி ஒட்டுங்கள்.